ஊசியைத் தூக்கும் இடம்

சிவமயம்
நீலகந்தைத் தோட்டம், யட்டியாந்தோட்டை
28 ஜனவரி 1912

சிரஞ்சீவி தங்கை தையல்நாயகிக்கு அண்ணன் ஆசீர்வாதம். அம்மன் கிருபையால் இங்கே நானும் உன் அண்ணி மரகதமும் சுகம். உன் மாமியாரின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? கொழும்புக் கடற்காற்று அவர்களுக்கு ஆகாது என்று மாப்பிள்ளை உயிரோடு இருந்தபோதே சொன்னேன், யார் கேட்டார்கள்?

விஷயம் என்னவென்றால், கடைசியில் நானும் ஒரு கிராமபோன் பெட்டி வாங்கிவிட்டேன். பஜாரில் நுஹ்மான் முதலாளி கடையில்தான். கொம்பு பூசணிப்பூ மாதிரி அத்தனை பெரிது. பெட்டி வந்த அன்று உன் அண்ணி இரண்டு வேளையும் சோற்றைக் கருக்கினாள்.

தட்டுகள் ஏழெட்டு சேர்ந்திருக்கின்றன. எனக்குத் தீட்சிதர்தான். யானை நடந்து வருகிற மாதிரி ஒவ்வொரு அடியும் ஊன்றி விழும். அவரைக் கொண்டுபோய் மூன்று நிமிஷத் தட்டில் அடைக்கிறார்களே என்றுதான் வயிற்றெரிச்சல். தியாகையரும் சரி. உனக்குப் பிடித்த சாமா சாஸ்திரியை மட்டும் இன்னும் வாங்கவில்லை. முந்தானையைப் பிடித்து இழுத்து அம்மா அம்மா என்கிற பிள்ளை போல இருக்கிறது அவர் பாட்டு. எனக்கு அத்தனை பொறுமை இல்லை.

ஒரு அநியாயத்தைக் கேள். பாட்டு முடிந்த கையோடு, பாடினது இன்னார் என்று அவர்களே தட்டில் கத்துகிறார்கள். கம்பெனிக்காரன் சொல்லச் சொல்கிறானாம். ராகம் காதில் நிற்கும்போது இது எதற்கு? சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, கும்பிட்டது நான்தான் என்று கூவுகிற மாதிரி இருக்கிறது. அந்த இடம் வருவதற்குள் நான் ஊசியைத் தூக்கிவிடுவேன். இதுவரை ஒருவர் பெயரும் என் காதில் விழுந்ததில்லை.

உனக்குப் பிடித்த தட்டுகள் எவை என்று எழுது. கேட்பதில் தோஷமில்லை. பாடுவதைத்தான் கூடாது என்கிறேன். மாப்பிள்ளை போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கைம்பெண் இருக்கிற வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதுவும் கம்பெனிக்குப் பாடிக் காசு வாங்குகிற பெண்கள் வேறு ஜனம். எனக்கென்று கூடப் பிறந்தவள் நீ ஒருத்தி. நினைவில் வை.

இப்படிக்கு,
பெரிய கிளாக்கர் வை. சதாசிவம் பிள்ளை


கொட்டாஞ்சேனை, கொழும்பு
11 பெப்ரவரி 1912

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தையல்நாயகி வணங்கி எழுதுவது. மாமிக்கு வலி குறைந்திருக்கிறது. வேப்பெண்ணெய் தேய்த்துவிட்டால் ராஜாத்தி போல உட்கார்ந்து என்னை அதிகாரம் செய்கிறார்கள். உங்களுக்கு இருமல் விட்டதா?

பெட்டி வாங்கியதில் மிகவும் சந்தோஷம். என்னிடம் தட்டு ஏது? பக்கத்து வீட்டு ஆர்மோனியக்காரர் போடுவதைச் சுவர் வழியாகக் கேட்பதோடு சரி. ஆனால் சாமா சாஸ்திரியை நீங்கள் அப்படிச் சொல்லக்கூடாது. விடாமல் மழை பெய்கிற ஒரு நாளில் அவருடைய ஆனந்தபைரவியைக் கேட்டுப் பாருங்கள், அண்ணே. முந்தானையை இழுக்கிற பிள்ளை கடைசிச் சரணத்தில் கையை விட்டுவிடும். அப்போது அம்மாதான் திரும்பிப் பார்ப்பாள்.

பெயர் சொல்கிற இடத்தில் ஊசியைத் தூக்குவதாக எழுதினீர்கள். நல்ல பழக்கம். அதை விட்டுவிடாதீர்கள்.

பாடுவதைப் பற்றி நீங்கள் எழுதியதையும் படித்தேன்.

அண்ணிக்கு என் அன்பு.
தையல்நாயகி


கொட்டாஞ்சேனை
அன்றைய தினமே

அன்பான அண்ணிக்கு, சுகம், உங்கள் சுகத்தைக் கோருகிறேன். இந்தக் கடிதம் தோட்டத்து ஆபீஸ் வழியாக வராமல், நுஹ்மான் முதலாளி வீட்டு ஆஸியா அக்கா கையில் சேரும்படி அனுப்பியிருக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அண்ணி, நான் பாடிவிட்டேன். தட்டில்.

போன கார்த்திகையில் நடந்தது. நான் தைக்கும்போது முணுமுணுத்ததைக் கேட்டு ஆர்மோனியக்காரர் வாசலில் வந்து நின்றார். கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் அவர். முடியாது என்றுதான் சொன்னேன். மாமி விடவில்லை. "என் மகன் ஒன் பாட்டக் கேட்டுத்தான்டி ஒன்னக் கட்டுனான். போய்ப் பாடு, நானும் கூட வர்றேன்" என்றார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கம்பெனிக்காரர்கள் அறை எடுத்திருந்த ஓட்டல் மாடிப்படி ஏறி, நான் பாடி முடிக்கும்வரை மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தட்டில் என் பெயர் போடக்கூடாது என்று முதலிலேயே பேசி வைத்தோம். மிஸ் சாரதா என்று போடுவதாக ஏற்பாடு. பாடி முடித்ததும் அந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். காலையிலிருந்து நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். பாட்டு நன்றாக வந்தது, அண்ணி, பொய் சொல்ல மாட்டேன். முடிந்ததும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் விரலை என் பக்கம் நீட்டி, பெயர் சொல் என்று சைகை காட்டினார்.

வெள்ளைக்காரர் விரல் நீட்டிப் பெயர் கேட்டால் நம் வாயில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் தொரை கேட்டால், எந்தத் தோட்டம், யாருடைய ஆள், அதற்கப்புறம்தானே பெயர்? பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் முதுகு தானாக நிமிர்ந்தது. "நீலகந்தைத் தோட்டம், பெரிய கிளாக்கர் சதாசிவம் பிள்ளை தங்கச்சி தையல்நாயகி, தொரை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

அழித்துவிடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பாட்டைப் பதிகிற மெழுகு தீர்ந்தது, நாளைக்குக் கப்பல் ஏறுகிறோம் என்றார்கள். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் தட்டு கடைக்கு வந்துவிடும். அண்ணனுக்குத் தெரிந்தால் எனக்குப் பிறந்த வீடு இல்லை. அந்தத் தட்டு நம் வீட்டுக்குள் வராமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் தையலு


நீலகந்தைத் தோட்டம்
5 மே 1912

சிரஞ்சீவி தையல்நாயகிக்கு ஆசீர்வாதம். இருவரும் சுகம். இருமல் போய்விட்டது. உன் மாமியாரை விசாரித்ததாகச் சொல்.

நான் தோற்றேன். நீ ஜெயித்தாய். சாமா சாஸ்திரியின் காலில் விழுந்து கிடக்கிறேன்.

நுஹ்மான் முதலாளி புதிதாக ஒரு தட்டு எடுத்து வைத்து, "கிளாக்கரையா, இத நீங்க எடுக்காம போகக் கூடாது" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. மிஸ் சாரதா, கொழும்பு, ஆனந்தபைரவி. நீ சொன்னபடி மழைநாளாகப் பார்த்துப் போட்டேன். கையை விட்டுவிடும் என்று எழுதினாயே, அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. எழுந்துபோய் வாசலில் நின்றேன். கண்ணைத் துடைத்தேன் என்றே வைத்துக்கொள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த மரகதம் குரல் கேட்டதும் முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். முடியும் சமயத்தில், "தூக்குங்க, ஊசியத் தூக்குங்க" என்று ஓடிவந்து அவளே தூக்கினாள். இத்தனை வருஷத்தில் இவளுக்கும் ரசனை வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

யார் பெற்ற பெண்ணோ. எந்த ஜனமானாலும் கையெடுத்துக் கும்பிடலாம். கோபித்துக்கொள்ளாதே, சின்ன வயதில் நீ பாடினதெல்லாம் இதன் பக்கத்தில் வர முடியாது.

இப்படிக்கு,
பெரிய கிளாக்கர் வை. சதாசிவம் பிள்ளை


கொட்டாஞ்சேனை
19 மே 1912

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு வணக்கம். இங்கே நலம். மாமி உங்கள் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

எனக்கு அவ்வளவு வராதுதான், அண்ணே. ஆனாலும் அனுபல்லவியில் அந்த அம்மாளுக்குச் சுருதி ஒரு இடத்தில் இறங்குகிறதே, கவனிக்கவில்லையா? அவ்வளவு தூக்கி வைக்கும்படி இல்லை. தீட்சிதர் தட்டுகளையே போட்டுக் கேளுங்கள். ஒரே தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் தேய்ந்துவிடும்.

தையல்நாயகி


நீலகந்தைத் தோட்டம்
14 ஜூலை 1912

சிரஞ்சீவி தையல்நாயகிக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அது சுருதிக் குற்றம் இல்லை, உன் பொறாமை. அந்த அம்மாளுக்கு எங்கே இறக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நம் மாரியம்மன் திருவிழா. நுஹ்மான் முதலாளி தன் பெரிய பெட்டியை வண்டியில் கொண்டுவருகிறார். மிஸ் சாரதா தட்டை எல்லா ஜனமும் கேட்க வேண்டும் என்று நானே தொரையிடம் உத்தரவு வாங்கியிருக்கிறேன். தொரையும் தொரைசாணியும் வந்து உட்காருவார்கள். இந்த இரண்டு மாதமாகப் பஜாரில் யாரைப் பார்த்தாலும் இந்தத் தட்டைத்தான் வாங்கச் சொல்கிறேன். சொல்லும்போது எல்லோரும் ஒரு மாதிரி பிரியமாகச் சிரிக்கிறார்கள்.

உனக்கு ஒரு வேலை. உன் அண்ணியிடம் சொல்லி ஒரு சேலை எடுத்து அனுப்புகிறேன். கொழும்பில் விசாரித்து, மிஸ் சாரதா அம்மாளைப் பார்த்து, நீலகந்தை பெரிய கிளாக்கர் கொடுத்தார் என்று உன் கையால் கொடுத்து வா.

இப்படிக்கு,
பெரிய கிளாக்கர் வை. சதாசிவம் பிள்ளை


நீலகந்தைத் தோட்டம்
29 ஜூலை 1912

தையல்நாயகிக்கு,
நேற்றுக் கடைசிவரை கேட்டேன்.
இனி எனக்கு எழுத வேண்டாம்.
சதாசிவம்


நீலகந்தைத் தோட்டம்
4 ஆகஸ்ட் 1912

தையலுக்கு அண்ணி எழுதுவது. உடம்பு சுகம்தான். மனசு சுகமில்லை. நடந்ததை உனக்கு எழுதாமல் எனக்குச் சோறு இறங்காது.

திருவிழாவில் தட்டைப் போடாமல் தடுத்துவிடுங்கள் என்று நீ எழுதின கடிதம் ஆஸியா அக்கா மூலம் வந்து சேர்ந்தது. வீட்டிலிருந்த தட்டை அரிசிப் பெட்டிக்குள் புதைத்தேன். உன் அண்ணன் தேடிப் பார்த்துவிட்டு, போனால் போகிறது, முதலாளி வேறு கொண்டுவருவார் என்று போய்விட்டார். வயிற்றுவலி என்று படுத்தும் பார்த்தேன். கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பெட்டி கோயில் வாசலில். உன் அண்ணன் தொரை பக்கத்தில் நாற்காலியில். தட்டைப் போட்டவர் முதலாளி, ஊசியும் அவர் கையில். அவர் எதற்குத் தூக்கப் போகிறார்? பாட்டு முடிந்தது. ஒரு நொடி சத்தம் இல்லை. அப்புறம் உன் குரல் கோயில் வாசல் முழுக்க விழுந்தது. நீலகந்தைத் தோட்டம், பெரிய கிளாக்கர் சதாசிவம் பிள்ளை தங்கச்சி தையல்நாயகி, தொரை.

ஆனால் கேள் தையலு, உன் அண்ணனையும் என்னையும் தவிர அங்கே ஒருத்தரும் திடுக்கிடவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். இராமசாமிக் கங்காணி, "நம்ம புள்ள எவ்வளவு கணீர்னு சொல்லுது பாருங்க" என்றார். தொரை மட்டும் திரும்பி, "யார் அது என்னைக் கூப்பிடறது?" என்று தன் தமிழில் கேட்டார். ஜனம் சிரித்தது.

உன் அண்ணன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். முகம் சுண்ணாம்பு போல் இருந்தது. முதலாளியிடம் போய், "இது எப்போதிருந்து இதில் இருக்கிறது?" என்று கேட்டார்.

முதலாளி பதறிப்போனார். "என்ன கிளாக்கரையா, தங்கச்சிட பாட்டுன்னுதானே நீங்க எல்லாரையும் வாங்கச் சொன்னீங்க? தட்டு வந்த அன்னைக்கே கடையில போட்டுக் கேட்டோம். பஜாருக்கே தெரியுமே. உங்களுக்குத் தெரியாதா?"

உன் அண்ணன், சாமி புறப்படுவதற்கு முன்னாலேயே வீட்டுக்கு நடந்துவிட்டார். ஊருக்கே தெரிந்தது தனக்கு மட்டும் தெரியவில்லையே என்பதுதான் அவரை அறைந்துவிட்டது. என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை இல்லை. எனக்கு முதலிலேயே தெரியும் என்பது அந்த முறத்தைப் போட்ட நாளை நினைத்து அவருக்கே புரிந்துவிட்டது. பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டார்.

நீ தைரியமாக இரு.
மரகதம்


கொட்டாஞ்சேனை
25 ஆகஸ்ட் 1912

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு வணக்கம். எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். எழுதுகிறேன். படிக்காமல் போட்டுவிட்டாலும் பரவாயில்லை.

மறைத்தது தப்பு. அதற்கு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். பாடியது தப்பு என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. பாடுவதற்கு அந்த அறையில் நிற்கும்போது, உங்கள் மாப்பிள்ளை போனதற்கப்புறம் முதல் தடவையாக எனக்கு மூச்சு முழுசாக வந்தது. மே மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். யார் பெற்ற பெண்ணோ என்று கேட்டிருந்தீர்கள். உங்களைப் பெற்றவர்கள்தான், அண்ணே.

அந்தச் சேலையை அண்ணியிடமே கொடுத்துவிடுங்கள்.

தையல்நாயகி


நீலகந்தைத் தோட்டம்
17 நவம்பர் 1912

தையலுக்கு அண்ணி. இங்கே அடைமழை, துணி காய்ந்து ஒரு வாரம் ஆகிறது. உனக்கும் மாமிக்கும் சளி பிடிக்காமல் இருக்கட்டும்.

உன் கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. கோட்டுப் பையில் வைத்திருக்கிறார். பதில் எழுதினாரா என்று கேட்காதே.

வேறொரு சங்கதி எழுதுகிறேன், சிரிப்பதா அழுவதா என்று நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஒரு வாரம் புளத்கொகுபிட்டிய, ஒரு வாரம் ருவன்வெல்லை, போன வாரம் கேகாலை. திரும்பும்போது கையில் பார்சல். எல்லாம் உன் தட்டு. எந்தக் கடையில் இருந்தாலும் இருக்கிறதை எல்லாம் வாங்கிவிடுகிறார். "இன்னொருத்தன் வீட்ல அந்தப் பேரு கேக்கக் கூடாது" என்றார். என்னிடம் இத்தனை நாளில் பேசினது அதுதான். கட்டிலுக்கடியில் மூன்று பெட்டி நிறைந்துவிட்டது.

மரகதம்


கொட்டாஞ்சேனை
8 டிசம்பர் 1912

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு வணக்கம். மாமியும் நானும் நலம்.

போன புதன்கிழமை கம்பெனி ஏஜெண்டு வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை, அவ்வளவு அவசரம். மிஸ் சாரதா தட்டு கொழும்பில் சுமாராகத்தான் போகிறதாம். ஆனால் கேகாலை, ருவன்வெல்லை என்று சப்ரகமுவாப் பக்கத்துக் கடைகளில் அனுப்ப அனுப்பத் தீர்ந்துபோகிறதாம். கடைக்காரர்கள் இன்னும் கேட்டு எழுதுகிறார்களாம். ஆகையால் தை பிறந்ததும் கம்பெனித் தொரை வரும்போது நான் இன்னும் நாலு பாட்டுப் பாட வேண்டுமாம். எனக்கும் மாமிக்கும் தலை சுற்றியது. அந்த மலைக்காட்டில் எனக்கு அவ்வளவு ரசிகர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம்தான் அண்ணி எழுதியது ஞாபகம் வந்தது.

அண்ணே, ரசிகர் ஒருவர்தான்.

நீங்கள் வாங்கி ஒளிக்க ஒளிக்க அவர்கள் இன்னும் அடித்து அனுப்புகிறார்கள். ஏஜெண்டிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. நாலு பாட்டுக்கு இன்னும் சம்மதமும் சொல்லவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், இனிமேல் தையல் மெஷினோடு சரி, பாட என் வாய் திறக்காது. தைப் பொங்கல் வரை பார்ப்பேன். கடிதம் வராவிட்டால் போய்ப் பாடுவேன்.

தையல்நாயகி


சிவமயம்
நீலகந்தைத் தோட்டம், யட்டியாந்தோட்டை
5 ஜனவரி 1913

சிரஞ்சீவி தங்கை தையல்நாயகிக்கு அண்ணன் ஆசீர்வாதம். நானும் மரகதமும் சுகம். உன் மாமியாரின் முழங்காலை விசாரிக்கிறேன். அந்த முழங்காலோடு மாடிப்படி ஏறினார்கள் என்று மரகதம் இப்போதுதான் சொன்னாள்.

உன் கடிதம் வந்த அன்று மூன்று பெட்டியையும் வெளியே இழுத்தேன். உடைத்து ஆற்றில் போடுவதாகத்தான் நினைப்பு. திறந்தால் மழையில் எல்லாத் தட்டும் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. உடைக்கப்போனவனுக்குக் கை வரவில்லை. ரப்பர் ஷீட்டுக்குப் பூஞ்சணம் பிடித்தால் புகைக்கூண்டில் போடுவோமே என்ற புத்தியில் ஒரு தட்டைப் புகைக்கூண்டில் தொங்கவிட்டேன். ஆறின தோசை மாதிரி சுருண்டுவிட்டது. மற்றதையெல்லாம் நானே துணியால் துடைத்தேன்.

துடைத்தால் போதுமா? கெட்டுப்போனதா என்று போட்டுத்தானே பார்க்க வேண்டும். பூஞ்சணம் தட்டின் உள்வட்டத்தில்தான் அதிகம், ஆகவே ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்கும்படி ஆயிற்று. முதலில் உடம்பெல்லாம் கூசியது. பிறகு கோபம் வந்தது. என் கோபம் உன்மேல் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒரே முலைப்பால் குடித்தவளின் குரல் மூன்று மாதம் என் வீட்டுக்குள் பாடியும் எனக்கு அடையாளம் தெரியவில்லையே. தோட்டத்து லயத்தில் குடியிருக்கிற ஜனத்துக்குத் தெரிந்தது, கடைக்காரருக்குத் தெரிந்தது. அந்தக் கோபம் என் காதின் மேல்தான்.

திரும்பத் திரும்பக் கேட்டதில் இன்னொன்றையும் கவனித்தேன். தோட்டத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்கிறாய். என் பெயரை அதைவிட உரக்கச் சொல்கிறாய். உன் பெயர் வரும்போது குரல் உள்ளே போய்விடுகிறது. பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கிறது.

நாலு பாட்டில் ஒன்று தீட்சிதருடையதாக இருக்கட்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மிஸ் சாரதாவும் வேண்டாம், தொரையும் வேண்டாம். உன் பெயரைச் சொல், நிமிர்ந்து நின்று சொல். சேலையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பாடப் போகும்போது கட்டிக்கொள். பெட்டியில் மிஞ்சிய தட்டுகளைத் திருப்பி எடுக்க நுஹ்மான் முதலாளி மறுத்துவிட்டார். ஆகவே இனி இந்தப் பக்கத்தில் எந்தக் கல்யாணமானாலும் எங்கள் மொய் அந்தத் தட்டுதான்.

நான் இப்போது ஊசியைத் தூக்குவதில்லை.

இப்படிக்கு,
நீலகந்தைத் தோட்டம்,
பாடகி தையல்நாயகியின் அண்ணன்
சதாசிவம்